நிறச்சிறையை ஒரு மடிக்கணினியில் பார்க்க எந்த வழி?

புரோட்டான் போன்ற துகள்களுக்குள் இருக்கும் குவார்க் ஏன் தனியே வெளிவருவதில்லை என்பதை, அதாவது நிறச்சிறை அல்லது சிறைப்பாட்டை, முதுநிலை இயற்பியலின் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டாக எடுக்கலாம். ஆனால் எப்படிச் செய்வது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கையில் ஒரு சாதாரண மடிக்கணினியும் நான்கு மாத அவகாசமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிலையாற்றல் மாதிரி, காகிதக் கணக்கு, லாட்டிஸில் (வெளியையும் காலத்தையும் புள்ளிக் கட்டமாக்கிக் கணினியில் கணக்கிடும் முறை) வில்சன் கண்ணி, லாட்டிஸில் பொல்யாகோவ் கண்ணி, குவார்க்குகளையும் சேர்த்த முழுக் கணக்கு என ஐந்து பாதைகள் உண்டு. நூலகத்தில் ஐந்துக்கும் புத்தகம் கிடைக்கும். வைவாவில் ஐந்தும் ஒரே மாதிரி நிற்குமா என்றால், நிற்காது.

இவற்றை எடைபோட ஒரு கேள்வி போதும். இந்தக் கணக்கில் சிறைப்பாடு வராமல் போவதற்கு வாய்ப்பு இருக்கிறதா? இல்லையென்றால், நீங்கள் உள்ளே போட்டதையே வெளியே எடுக்கிறீர்கள்.

விஷயம் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு குவார்க்கையும் எதிர்க்குவார்க்கையும் இழுத்துப் பிரித்தால், இடையிலுள்ள நிறப்புலம் (குவார்க்கின் ‘நிறம்’ என்ற, மின்னூட்டம் போன்ற பண்பின் புலம்) மின்புலம்போல நாலாபக்கமும் விரியாது. ஒரு மெல்லிய குழாயாகச் சுருங்கிவிடும். குழாய் நீள நீள ஆற்றல் நேர்கோட்டில் ஏறும். இந்த ஏற்றத்தின் சரிவுதான் இழுவிசை; அதன் வர்க்கமூலத்தை வழக்கமாக 440 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்று எடுப்பார்கள். அதாவது ஒரு ஃபெர்மி (10⁻¹⁵ மீட்டர்) தூரத்துக்கு ஏறத்தாழ 1 கிகா எலக்ட்ரான்வோல்ட். விசையாகச் சொன்னால் சுமார் 16 டன் எடை, அதுவும் ஒரு புரோட்டான் அகலத்துக்குள். 1974இல் கென்னத் வில்சன் லாட்டிஸ் வடிவத்தை முன்வைத்த பிறகு இதை எண்களால் சோதிக்க முடிந்திருக்கிறது. கணித நிரூபணம் இன்றுவரை இல்லை.

கார்னெல் நிலையாற்றல்: எளிது, ஆனால்...

முதலில் எல்லோர் கண்ணிலும் படுவது இதுதான். தூரத்துக்கு எதிர்விகிதமான கூலும் உறுப்பு ஒன்று, தூரத்தோடு ஏறும் நேர்கோட்டு உறுப்பு ஒன்று. இரண்டையும் கூட்டி ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் போட்டு, சார்ம் குவார்க் இணையின் ஆற்றல் மட்டங்களை எடுக்கலாம். கார்னெல் குழு பயன்படுத்திய எண்களே தொடங்கப் போதும்: கூலும் கெழு 0.52, இழுவிசை சுமார் 0.183 கிகா எலக்ட்ரான்வோல்ட் வர்க்கம், சார்ம் நிறை 1.84 கிகா எலக்ட்ரான்வோல்ட். நியூமெரோவ் முறையில் 4 ஃபெர்மி வரை தொகையிட்டால் நிரல் ஒரே நாளில் ஓடிவிடும்.

நிரல் சரியா என்று பார்க்க இரண்டு சோதனைகள். கூலும் உறுப்பைச் சுழியாக்கினால் அடிமட்டம் 0.615 கிகா எலக்ட்ரான்வோல்ட் வர வேண்டும். ஏரி சார்பின் முதல் சுழி 2.338 இங்கே நேராக வந்து உட்காரும். நேர்கோட்டு உறுப்பைச் சுழியாக்கினால் −0.124 வர வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினால், பெரும்பாலும் அலகு மாற்றத்தில் 0.1973ஐ (ஃபெர்மியையும் கிகா எலக்ட்ரான்வோல்ட்டையும் இணைக்கும் எண்) ஒருமுறை கூடுதலாகப் பெருக்கியிருப்பீர்கள், அல்லது சுருக்கிய நிறைக்குப் பதில் முழு நிறையைப் போட்டிருப்பீர்கள்.

சிக்கல் நிரலில் இல்லை. நேர்கோட்டு உறுப்பை நாம்தான் கையால் எழுதினோம். "சரி, ஆனால் அது அளவீட்டோடு பொருந்துகிறதே" என்று சொல்லத் தோன்றும். சார்ம் குவார்க் இணையான ஜே/சைக்கும் அதன் அடுத்த கிளர்நிலைக்கும் இடைவெளி 589 மெகா எலக்ட்ரான்வோல்ட். மூன்று மடங்கு கனமான, பாட்டம் குவார்க் இணையான அப்சிலானுக்கு அதே இடைவெளி 563. நிறை மூன்று மடங்கு மாறியும் இடைவெளி கிட்டத்தட்ட மாறவில்லை. தூரத்தின் மடக்கையை நிலையாற்றலாக வைத்தால் இடைவெளி நிறையைச் சார்ந்திருக்கவே செய்யாது. 1970களின் கடைசியில் குவிக், ராஸ்னர் என்ற இரு இயற்பியலாளர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். தூரத்தின் 0.1 அடுக்கு என்ற மார்ட்டினின் நிலையாற்றலும் நன்றாகவே பொருந்துகிறது. இந்த மட்டங்கள் எல்லாம் ஏறத்தாழ 0.2 முதல் 1 ஃபெர்மி வரையுள்ள பகுதியைத்தான் தொட்டுப் பார்க்கின்றன. அந்தத் துண்டில் மடக்கையும் சிறு அடுக்கும் நேர்கோட்டுக் கலவையும் அண்ணன் தம்பிகள். ஆக, நிறமாலை பொருந்தியது என்பதால் சிறைப்பாடு நிறுவப்பட்டதாகாது. அறிக்கையின் முதல் அத்தியாயத்துக்கு இது போதும், முழு ப்ராஜெக்ட்டுக்குப் போதாது.

காகிதக் கணக்கு

வலுப் பிணைப்பு விரிவில் (பிணைப்பு மிக வலுவானது என்று கொண்டு தொடராக விரிக்கும் கணக்கு) பரப்பு விதி இரண்டு பக்கத்தில் வந்துவிடும். மூடிய கண்ணியின் சராசரி அது சூழும் பரப்போடு அடுக்குக்குறியாகக் குறைவதே பரப்பு விதி, சிறைப்பாட்டின் அடையாளம் அது. இரு நிறக் கோட்பாடான எஸ்யு(2)இல், பீட்டாவை (பிணைப்பு மெலிய மெலிய ஏறும் லாட்டிஸ் அளவுரு) 4ஆல் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றினால் லாட்டிஸ் அலகில் இழுவிசையின் முதல் உறுப்பு கிடைக்கும். பீட்டா 2.3இல் அது 0.55. உருவகப்படுத்தலில் அளந்த மதிப்போ சுமார் 0.136. நான்கு மடங்கு தள்ளி நிற்கிறது. அதைவிட மோசம், இதே விரிவு யு(1)க்கும், அதாவது மின்காந்தத்தின் லாட்டிஸ் வடிவத்துக்கும், பரப்பு விதியைக் கொடுத்துவிடும். மின்காந்தத்தில் எலக்ட்ரானை யாரும் சிறை வைக்கவில்லை. காகிதக் கணக்கை விட்டுவிடச் சொல்லவில்லை. நிரலைச் சோதிக்கும் கல்லாக அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

வில்சன் கண்ணியா, பொல்யாகோவ் கண்ணியா?

உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் இடையில்தான். இரண்டுக்கும் அடித்தள நிரல் ஒன்றே என்பதால் அதை முதலில் சொல்லிவிடலாம்.

எஸ்யு(3) வேண்டாம், எஸ்யு(2) எடுங்கள். இயற்கையில் நிறம் மூன்று என்பது உண்மைதான். ஆனால் எஸ்யு(2)இல் ஒவ்வொரு இணைப்பும் (பக்கத்துப் புள்ளிகள் இரண்டைச் சேர்க்கும் கோட்டிலுள்ள அணி) நான்கு மெய்யெண்கள், ஒரு பெருக்கலுக்கு 16 மெய்யெண் பெருக்கல்கள். எஸ்யு(3)இல் 18 எண்கள், 108 பெருக்கல்கள். அதோடு மூன்று துணைக்குழுக்கள் வழியாகப் புதுப்பிக்கும் கபிபோ–மரினாரி முறையும் எழுத வேண்டும். 16⁴ லாட்டிஸில் எஸ்யு(2)க்கு 8 மெகாபைட்டுக்குச் சற்று மேல் போதும், எஸ்யு(3)க்கு 38 மெகாபைட். நினைவகம் பிரச்சினையில்லை, நேரம்தான் பத்து மடங்கு போல இழுக்கும். சிறைப்பாட்டின் பண்புகள் இரண்டிலும் உண்டு. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: எஸ்யு(2) உலகில் "ஃபெர்மி" என்பது 440ஐ நாமாக ஒட்டவைத்ததால் வந்த அலகு.

இணைப்புகளைத் தற்செயலாகப் புதுப்பிக்க கென்னடி–பெண்டில்டன் வெப்பத்தொட்டி முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் இணைப்புகளை வேகமாக நகர்த்தும் மூன்று நான்கு ஓவர்ரிலாக்சேஷன் சுற்றுகள். சி மொழியில் எழுதினால் 16⁴இல் ஒரு சுற்று (எல்லா இணைப்பையும் ஒருமுறை புதுப்பிப்பது) நொடிக்குள் முடியும். பைத்தானில் வெறும் ஃபார்-லூப் போட்டால் நூறு மடங்கு போல மெதுவாகும். நம்பை (NumPy) நூலகத்தை வைத்து சதுரங்கப் பலகை முறையில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாகப் பிரித்துச் செய்யலாம், ஆனால் லாட்டிஸின் நீளங்கள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 9³ எடுத்தால் எல்லையில் இரண்டு கறுப்புகள் பக்கத்துப் பக்கத்தில் வந்து விடை சத்தமில்லாமல் கெடும். நூறு சுற்றுக்கு ஒருமுறையாவது இணைப்புகளை அலகு நீளத்துக்கு இழுத்துவிடுங்கள். தற்செயல் எண்ணுக்கு மெர்சென் ட்விஸ்டர் அல்லது ரான்லக்ஸ். ரான்லக்ஸை எழுதியவரே மார்ட்டின் லூஷர் என்ற லாட்டிஸ்காரர்தான், அந்த அளவுக்கு இந்தத் துறை மோசமான எண்களால் அடிபட்டிருக்கிறது.

வில்சன் கண்ணி என்பது இடத்தில் ஆர், காலத்தில் டி நீளமுள்ள செவ்வகத்தைச் சுற்றி இணைப்புகளைப் பெருக்கி எடுக்கும் டிரேஸ். காலம் ஒரு படி கூடும்போது சராசரி எவ்வளவு குறைகிறது என்பதன் மடக்கையே நிலையாற்றல். சாதகம் தெளிவானது: நேர்கோடு கண்முன் வரும், இழுவிசை ஓர் எண்ணாகக் கையில் கிடைக்கும்.

பாதகம் இரைச்சல். பீட்டா 2.3இல் 6×6 கண்ணிக்குப் பரப்பின் பங்கு மட்டுமே 0.0075. சுற்றளவின் பங்கும் சேர்ந்தால் இன்னும் சுருங்கும். இரைச்சலோ கண்ணியின் அளவைப் பொருட்படுத்தாமல் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஓட்ட நேரத்தை நான்கு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும், கண்ணி ஒரு படி பெரிதானால் அந்த லாபம் போய்விடும். இதற்கு இரண்டு மருந்துகள். இடத்திசை இணைப்புகளை மட்டும் ஏப் ஸ்மியரிங்கால் (ஒவ்வொன்றையும் அண்டை இணைப்புகளோடு கலந்து சராசரியாக்கும் முறை) 10 முதல் 20 தடவை மழுக்கினால் டி 3, 4இலேயே மதிப்பு சமதளத்துக்கு வந்துவிடும். பெரிய டி தேவையில்லை. காலத்திசை இணைப்புகளையும் சேர்த்து மழுக்கிவிடுவது வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் குறுந்தூரத்தில் கூலும் பகுதி சிதைந்துபோகும். இரண்டாவது, லூஷரும் வைஸும் 2001இல் தந்த பல்லடுக்கு முறை. குளுவான் (நிற விசையைச் சுமக்கும் துகள்) மட்டும் உள்ள கோட்பாட்டில் அது அபாரமாக வேலை செய்யும், ஆனால் எழுத மூன்று வாரம் பிடிக்கும். இந்த அளவு ப்ராஜெக்ட்டுக்கு ஸ்மியரிங்கே போதும்.

16⁴, பீட்டா 2.4, சமநிலைக்கு 500 சுற்றுகள், பிறகு 10 சுற்றுக்கு ஒரு அளவீடாக ஆயிரம் அளவீடுகள். ஆர் 2 முதல் 6 வரை, மாறிலி, நேர்கோடு, ஒன்றின்கீழ் ஆர் என மூன்று உறுப்புகள் வைத்துப் பொருத்துங்கள். இழுவிசை 0.071 அருகில் வரும். மாறிலியைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நிலைக்குவார்க்கின் தன்னாற்றல், லாட்டிஸ் இடைவெளி சுருங்கச் சுருங்க வெடிக்கும், அதற்குப் பொருள் கிடையாது. ஒன்றின்கீழ் ஆர் உறுப்பின் கெழு பெருந்தூரத்தில் பையை 12ஆல் வகுத்த 0.262ஐ நோக்கிப் போக வேண்டும். அதிரும் இழை ஒன்று அங்கே இருக்கிறது என்பதன் அடையாளம் அது. ஆனால் இந்தத் தூரங்களில் கூலும் பகுதி அதில் கலந்திருக்கும். அதைப் பிரித்துவிட்டேன் என்று அறிக்கையில் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

பெட்டி அளவில் ஒரு பொறி இருக்கிறது. "நுண்மை கூடட்டும்" என்று பீட்டாவை 2.6க்கு ஏற்றி, நேரம் மிச்சம் என்று 8⁴ எடுப்பார்கள். எட்டு படி நீளத்துக்குச் சிறை உடையும் மாறுநிலைப் புள்ளி 2.51. அதற்கு மேல் போனால் பெட்டியே சிறைப்பாட்டைவிடச் சிறியது, குழாய் உருவாக இடமில்லை. நேர்கோடு காணாமல் போகும், நிரலில் பிழை தேடி இரண்டு வாரம் போகும்.

பீட்டா 2.3இலும் 2.4இலும் அளந்தால் இன்னொன்றும் கிடைக்கும். லாட்டிஸ் இடைவெளி 0.165இலிருந்து 0.119 ஃபெர்மிக்குச் சுருங்குகிறது, விகிதம் 0.72. இரு வளையக் கணக்கு (பிணைப்பு மெலிந்தது என்று கொண்டு செய்யும் தோராயம்) சொல்லும் விகிதம் 0.78. பொருந்தவில்லையே என்று கலங்க வேண்டாம். இந்தப் பீட்டாக்களில் அந்தக் கணக்கு இன்னும் பிடிமானத்துக்கு வரவில்லை என்பது தெரிந்த விஷயம். வைவாவில் கேட்பார்கள், பதில் வைத்திருங்கள்.

இனி பொல்யாகோவ் கண்ணி. காலத்திசையில் நான்கு படி மட்டும் உள்ள லாட்டிஸில், இடத்தின் ஒரு புள்ளியில் நின்று கால இணைப்புகள் நான்கையும் பெருக்கி டிரேஸ் எடுக்கிறோம். கண்ணி தன்னைத்தானே சுற்றி மூடிக்கொள்கிறது. இதன் சராசரி, ஒற்றைக் குவார்க்கை அந்த வெப்பத்தில் வைக்க எவ்வளவு கட்டற்ற ஆற்றல் வேண்டும் என்பதைச் சொல்லும். ஆற்றல் முடிவிலி என்றால் சராசரி சுழி, அதுதான் சிறை. காலத்திசை நீளத்தின் தலைகீழே வெப்பநிலை, எனவே பீட்டாவை ஏற்றினால் இடைவெளி சுருங்கி வெப்பநிலை ஏறும். நான்கு படிக்கு 2.30இல் சிறை உடையும், ஆறு படிக்கு 2.43இல்.

நிரலில் ஒரு காலத்தட்டை எடுத்து, அதிலுள்ள கால இணைப்புகள் அனைத்தையும் −1ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சிறுசதுரத்திலும் (நான்கு இணைப்புகளாலான மிகச்சிறிய கண்ணி) அந்த −1 இருமுறை வரும், அல்லது வரவே வராது. எனவே சிறுசதுரங்களைக் கூட்டி வரும் செயல்பாடு (ஆக்‌ஷன்) கடைசி இலக்கம் வரை மாறாது. ஆனால் ஒவ்வொரு பொல்யாகோவ் கண்ணியும் அந்தத் தட்டை ஒரே ஒருமுறை கடக்கிறது, ஆகவே எல்லாக் கண்ணிகளும் குறி மாறும். இந்தச் சமச்சீர் குலையாதவரை சராசரி சுழியாகத்தான் இருக்க முடியும். சிறை உடைவது என்றால் இது தானாகக் குலைவது. நூறு பக்கம் படித்தும் பிடிபடாதது, இந்த நான்கு வரி நிரலில் பிடிபடும்.

ஆபத்து இங்கேயும் உண்டு. குறியோடு சராசரி எடுத்தால், சிறை உடைந்த நிலையிலும் நீண்ட ஓட்டத்தில் கண்ணி நேர்க்குறிக்கும் எதிர்க்குறிக்கும் தாவித் தாவி சுழிக்கு வந்துவிடும். அதற்காகப் பருமமதிப்பை (குறி நீக்கிய மதிப்பை) எடுத்தால், சிறைக்குள்ளும் அது சுழியாகாது, கன அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மிச்சம் இருக்கும். ஆகவே ஒரே ஒரு பெட்டியில் செய்த அளவீட்டை நம்ப முடியாது. 8³, 12³, 16³ மூன்றும் ஓட்டுங்கள். 8³இலிருந்து 16³க்குப் போகும்போது, ஆழ்ந்த சிறைக்குள் பருமமதிப்பு 2.8 மடங்கு விழ வேண்டும். உடைந்த பக்கத்தில் அசையாமல் நிற்க வேண்டும். மாறுநிலைப் புள்ளி அருகே அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளும், எனவே ஜாக்நைஃப் (ஒவ்வொரு தொகுதியாக விட்டுவிட்டுப் பிழையை மதிப்பிடும் முறை) பிழைக்கு முன் 50, 100 என்று தொகுதி அளவை ஏற்றி, பிழை ஏறுவது நிற்கிறதா பாருங்கள். எஸ்யு(2)இன் மாறுகை முப்பரிமாண ஐசிங் (காந்தத்தின் எளிய மாதிரி) வகுப்பைச் சேர்ந்தது என்பது ஸ்வெட்டிட்ஸ்கி–யாஃபே கருதுகோள். பின்டர் எண் (கண்ணி மதிப்புகளின் பரவல் வடிவத்தை அளக்கும் விகிதம்) மூன்று பெட்டிகளுக்கும் 0.465 அருகே வெட்டிக்கொண்டால் அதையும் தொட்டுவிட்டீர்கள்.

இரண்டில் எது? நான்கு மாதத்துக்குப் பொல்யாகோவைத்தான் முதலில் வைக்க வேண்டும். மேலே கேட்ட கேள்விக்கு அது நேராகப் பதில் தருகிறது: ஒரே நிரல், ஒரே லாட்டிஸ், பீட்டா 2.2இல் சிறை இருக்கிறது, 2.4இல் இல்லை. ஸ்மியரிங் வேண்டாம், சமதளம் தேட வேண்டாம், வளைகோடு பொருத்த வேண்டாம். ஆறு வாரத்தில் முடியும். அடுத்த ஐந்து வாரத்தை வில்சன் கண்ணிக்குக் கொடுத்து இழுவிசையை எண்ணாக எடுக்கலாம். இழுவிசைதான் முக்கியம் என்று வழிகாட்டி நினைத்தால் வரிசையை மாற்றலாம், அப்போது ஸ்மியரிங்கை முதல் மாதமே எழுதிவிட வேண்டும்.

பெரும்பாலோர் விட்டுவிடும் ஒன்றையும் சேர்க்கச் சொல்வேன்: நான்கு பரிமாண யு(1). இணைப்புக்கு ஒரு கோணம் மட்டும், மெட்ரோபொலிஸ் போதும், ஏற்பு விகிதம் பாதிக்குப் பாதி இருக்கும்படி படியைச் சரிசெய்தால் ஒரு வாரத்தில் முடியும். மாறுநிலை பீட்டா 1.01. 8⁴இல் 0.9க்கு எடுத்தால் சிறு கண்ணிகளில் பரப்பு விதி தெரியும். 1.1க்குப் போனால் க்ரூட்ஸ் விகிதம் (அடுத்தடுத்த அளவுக் கண்ணிகளிலிருந்து இழுவிசையை மதிப்பிடுவது) கண்ணி பெரிதாகப் பெரிதாகச் சரிந்துகொண்டே போகும், அங்கே மின்காந்தம் தன் இயல்புக்கு வந்துவிட்டது. காகிதக் கணக்கு எங்கே ஏமாற்றுகிறது என்பதும் இங்கே வெளிச்சமாகும். எஸ்யு(2)இலும் பீட்டா ஏறும்போது ஒரு வழுக்கல் இருக்கிறது, ஆனால் பெட்டியைப் பெரிதாக்கினால் சிறை திரும்பிவிடும். யு(1)இல் எவ்வளவு பெரிய பெட்டி எடுத்தாலும் திரும்பாது. இந்த வேறுபாட்டை இரண்டு படமாக அடுத்தடுத்து வைத்தால் அறிக்கையின் கனமே வேறு.

குவார்க்குகளைச் சேர்த்தால்?

மடிக்கணினியில் வேண்டாம். ஹைப்ரிட் மான்டி கார்லோ, ஒவ்வொரு படியிலும் பெரிய அணியின் தலைகீழ், லாட்டிஸில் ஒரு குவார்க் பலவாகத் தோன்றும் இரட்டிப்புச் சிக்கல் என்று நான்கு மாதமும் நிரலிலேயே போய்விடும். பிறர் உருவாக்கிப் பொதுவில் வைத்த கான்ஃபிகரேஷன்களை (எல்லா இணைப்புகளின் மதிப்புகளும் அடங்கிய கோப்புகளை) எடுக்கலாம்தான், ஆனால் 32³×64 அளவில் ஒன்றே 1.2 கிகாபைட். தவிர கேள்வியே மாறிவிடுகிறது. குவார்க் இருந்தால் −1ஆல் பெருக்கும் அந்தச் சமச்சீர் முதலிலேயே குலைந்திருக்கும், எனவே பொல்யாகோவ் கண்ணி கறாரான அளவுகோலாக இருக்காது. 156 மெகா எலக்ட்ரான்வோல்ட் அருகே நடப்பது கூர்மையான மாறுகை இல்லை, வழுக்கலான கடப்பு. நேர்கோடும் முடிவின்றிப் போகாது. இரு சுவைக் (வகைக்) குவார்க்குகளோடு 2005இல் செய்த கணக்கில் சுமார் 1.25 ஃபெர்மியில் இழை அறுந்தது. அதுவும் வில்சன் கண்ணியை மட்டும் பார்த்தால் தெரிவதில்லை, இரண்டு மெசான்களாகப் பிரிந்த நிலையையும் கணக்கில் கலந்தால்தான் தெரிகிறது. இதை அறிக்கையின் முன்னுரையில் ஒரு பத்தியாக வையுங்கள், தேர்வாளர் முதலில் கேட்பதே இதுவாக இருக்கலாம்.

எந்த வழியில் போனாலும் முதல் வாரத்துக்கான சோதனை ஒன்றே. எஸ்யு(2), பீட்டா 0.5, 8⁴. சிறுசதுரச் சராசரி 0.124 வர வேண்டும். பிறகு 2.4க்கு ஏற்றி, எல்லா இணைப்பும் ஒன்று என்ற குளிர் தொடக்கத்திலிருந்தும் முழுத் தற்செயலான சூடான தொடக்கத்திலிருந்தும் ஓட்டினால் இரண்டும் 0.630இல் வந்து சேர வேண்டும். சேராமல் இணையாகப் போனால் ஸ்டேப்பிள் (ஓர் இணைப்பைத் தொடும் சிறுசதுரத்தின் மீதி மூன்று பக்கங்களின் பெருக்கல்) கூட்டுத்தொகையில் ஆறில் ஒன்று தவறான திசையில் இருக்கிறது. பெரும்பாலும் அது பின்னோக்கிப் போகும் மூன்றில் ஒன்று.